பந்தியில் உட்காராத இந்தியா... பால் சொசைட்டி முதல் மேலமாசி வீதி வரை மதுரையில் ஒரு நாள்!

2019 நவம்பரில், 16 நாடுகள் சேர்ந்து அமைக்கவிருந்த வர்த்தகக் கூட்டணியிலிருந்து இந்தியா விலகியது. பாங்காக்கில் எடுக்கப்பட்ட அந்த முடிவு, வைகைக் கரையில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விடியற்காலைப் பால் கேனில் தொடங்கி இரவு ஜிகர்தண்டா வரை மதுரையைச் சுற்றி வந்தால் பதில் கிடைக்கிறது. ஒரு பதில் இல்லை, பல பதில்கள்!

அதிகாலை 5 மணி. வாடிப்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்று. சிறுமலையின் மேல் இருட்டு இன்னும் விலகவில்லை. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஊர் மந்தைக்குப் பக்கத்தில், ஒற்றை டியூப்லைட் எரியும் கட்டடத்தின் முன்னால் தூக்குவாளிகளோடு வரிசை கட்டி நிற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். சிலர் நடந்து வருகிறார்கள். சிலர் டூவீலரில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள எந்தப் பால் சொசைட்டிக்குப் போனாலும் காலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாளியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார் சொசைட்டிக்காரர்.

“என்னக்கா, இன்னைக்கு டிகிரி கொறையுது? பருத்திக்கொட்டை வைக்கலையா?”

“தவிடு விக்கிற வெலையில பருத்திக்கொட்டைக்கு எங்கிட்டுண்ணே போக?”

சிரிப்போடு முடிகிற பேச்சுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு குடும்பத்தின் வரவு செலவே இருக்கிறது. பாலில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று அளந்துதான் விலை. பட்டுவாடா அன்றைக்குக் கைக்கு வரும் பணத்தில்தான் மளிகைக்கடைப் பாக்கி, பள்ளிக்கூட வேன் ஃபீஸ், மகளிர் குழுத் தவணை எல்லாம். நெல்லும் கரும்பும் ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்து காசு தரும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மாடு மட்டும்தான் வாரா வாரம் காசு தரும்.

2019 ஆகஸ்டில் தமிழக அரசு, ஆவின் கொள்முதல் விலையைப் பசும்பாலுக்கு லிட்டர் 28 ரூபாயிலிருந்து 32 ரூபாயாகவும், எருமைப்பாலுக்கு 35 ரூபாயிலிருந்து 41 ரூபாயாகவும் உயர்த்தியது. நான்கு ரூபாய் கூடியதில் இந்த வரிசையில் நின்றவர்களுக்கு நிம்மதி. ஆனால், சரியாக அதே மாதங்களில் தாய்லாந்தில் 16 நாடுகளின் அதிகாரிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு முடிந்து இந்தியா கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த நான்கு ரூபாய் நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம் என்றார்கள் விவசாய சங்கத்தினர்.

மொய் எழுதும் நாடுகள்

வர்த்தகக் கூட்டணி என்றால் என்ன? உசிலம்பட்டிப் பக்கம் ஒருவரிடம் கேட்டால், மொய் விருந்தை வைத்தே சொல்லிவிடலாம். விழா வைத்தவருக்கு ஊரும் உறவும் வந்து மொய் எழுதும். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நாளை அவர்கள் வீட்டு விழாவுக்கு இவர் போய்த் திருப்பி எழுத வேண்டும். எழுதிய மொய் திரும்பி வரும் என்ற நம்பிக்கைதான் அந்த விருந்தின் அடிப்படை.

நாடுகளும் அப்படித்தான். ‘உன் சரக்குக்கு நான் இறக்குமதி வரியைக் குறைக்கிறேன், என் சரக்குக்கு நீ குறை’ என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கின்றன. சிக்கல் எங்கே வரும்? ஒருவர் எழுதிக்கொண்டே இருந்து, அவருக்குத் திரும்பி வருவது குறைவாக இருக்கும்போது!

‘பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை’ என்ற நீளமான பெயர் கொண்ட ஆர்.சி.இ.பி பேச்சுவார்த்தை, 2012 நவம்பரில் கம்போடியத் தலைநகர் நாம் பென்னில் தொடங்கப்பட்டது. ஆசியான் அமைப்பின் 10 நாடுகள், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. மொத்தம் 16. அப்போது டெல்லியில் இருந்தது மன்மோகன் சிங் அரசு. 2014-ல் ஆட்சி மாறியது, பேச்சுவார்த்தை மாறவில்லை. ஏழு வருடங்கள் நீண்டது.

அந்த ஏழு வருடங்களில் மொய் நோட்டுக் கணக்கு இந்தியாவுக்குப் பாதகமாகவே போனது. 2018-19-ல் மற்ற 15 நாடுகளுடன் இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 10,500 கோடி டாலர். அதாவது, அவர்களுக்கு விற்றதைவிட அவர்களிடமிருந்து வாங்கியது அவ்வளவு அதிகம். அதில் பாதிக்கு மேல் சீனாவுடன் மட்டும்.

கடைசிச் சுற்றுகளில் இந்தியா சில நிபந்தனைகளை முன்வைத்தது. ஒரு பொருளின் இறக்குமதி திடீரென்று குவிந்தால், தானாகவே வரி உயரும் ஏற்பாடு வேண்டும். வரிக்குறைப்பை 2014-ன் வரி விகிதத்திலிருந்து கணக்கிடக் கூடாது, 2019-ன் விகிதத்திலிருந்து கணக்கிட வேண்டும். ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டின் பெயரில் புகுந்து வராதபடி விதிகள் கடுமையாக இருக்க வேண்டும். இவற்றில் இந்தியாவுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 2019 நவம்பர் 4-ம் தேதி, பாங்காக் உச்சி மாநாட்டில் பிரதமர் மோடி ‘இந்தியா சேரவில்லை’ என்று அறிவித்தார்.

பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. 15 பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வாசலோடு திரும்பிவிட்டார்!

சாத்தமங்கலத்துக்கு வரும் பால்

வெயில் ஏறுவதற்குள் சொசைட்டிப் பால் குளிர்விப்பு நிலையம் போய், அங்கிருந்து டேங்கர் லாரியில் மதுரை நகருக்குள் வந்துவிடுகிறது. சிவகங்கை சாலையில் சாத்தமங்கலம் ஆவின் பால்பண்ணை வாசலில் காலை நேரத்தில் நின்றால், லாரிகள் உள்ளே போவதையும் பாக்கெட் பால் வண்டிகள் வெளியே வருவதையும் பார்க்கலாம். கிராமத்து வாளிகள் எல்லாம் ஒரே நதியாகச் சேரும் இடம் இது.

இந்த இடத்துக்கும் நியூசிலாந்துக்கும் என்ன தொடர்பு? நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகையே 30 லட்சத்துக்கு மேல். ஆனால் அந்தச் சின்ன நாடு, தான் உற்பத்தி செய்யும் பாலில் சுமார் 95 சதவீதத்தைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் சீஸாகவும் வெளிநாடுகளுக்கு விற்கிறது. அங்கே ஒரு பண்ணைக்கு நூற்றுக்கணக்கான மாடுகள். இங்கே ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகள்.

உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியாதான். பிறகு எதற்குப் பயம்? பால் கெட்டுப்போகும், பவுடர் கெடாது. அதுதான் விஷயம். வெளியிலிருந்து மலிவாகப் பால்பவுடரும் வெண்ணெயும் வந்தால், தண்ணீர் சேர்த்து மறுபடி பாலாக்கலாம். ஐஸ்க்ரீமுக்கும் இனிப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பயன்படுத்தலாம். அப்போது கிராமத்துப் பாலை அதே விலைக்கு வாங்க வேண்டிய கட்டாயம் தனியார் பால் நிறுவனங்களுக்கு இருக்காது. அவர்கள் விலையைக் குறைத்தால், விற்க முடியாத பால் எல்லாம் சொசைட்டிக்கு வந்து குவியும். கடைசியில் கொள்முதல் விலை ஆடும். பவுடர் விலை சரியும்போதெல்லாம் பால் கொடுப்பவர்கள் அனுபவித்துப் பார்த்ததுதான் இது.

இதைத் தடுத்து நிற்பது ஒரு வரி. பால்பவுடருக்கு இந்தியா விதிக்கும் இறக்குமதி வரி 60 சதவீதம். கூட்டணியில் சேர்ந்தால் அந்தச் சுவர் படிப்படியாக இறங்கிவிடும் என்பதுதான் பால் கூட்டுறவுகளின் அச்சமாக இருந்தது. குஜராத்தின் அமுல் முதல் தென்னிந்திய விவசாய சங்கங்கள் வரை எதிர்ப்புக் குரல் எழுப்பியது இதனால்தான்.

அரசியலில் அபூர்வமாக நடக்கும் ஒன்று அப்போது நடந்தது. எதிரெதிர்த் திசையில் இருப்பவர்கள் ஒரே கோஷத்தை எழுப்பினார்கள். ஆர்.எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச், ஆர்.சி.இ.பி-யை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தையைத் தொடங்கிய ஆட்சியை நடத்திய காங்கிரஸும் எதிர்த்தது. அகில இந்திய விவசாயிகள் போராட்ட ஒருங்கிணைப்புக் குழு, நாடு தழுவிய போராட்டத்துக்கு அழைப்பு விடுத்த தேதியும் நவம்பர் 4-தான். அன்று இரவு ‘விலகல்’ செய்தி வந்ததும், ‘எங்களால்தான்’ என்று எல்லாக் கட்சிகளும் சொல்லிக்கொண்டன.

மறுநாள் காலை வாடிப்பட்டிப் பக்கத்து சொசைட்டியில் யாரும் பட்டாசு வெடித்திருக்க மாட்டார்கள். வழக்கம்போல் டிகிரி பார்த்திருப்பார்கள். வராமல் போன ஆபத்துக்கு யார் பட்டாசு வெடிப்பது?

கதவின் மறுபக்கம்

ஆனால், மதுரை பால் மட்டும் விற்கும் ஊர் இல்லை. திருப்பரங்குன்றம் போகும் வழியில் ‘ஹார்விபட்டி’ என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லின் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு இது. ஒரு காலத்தில் மில்லின் சங்குச் சத்தத்தை வைத்துத்தான் பாதி மதுரை நேரம் பார்த்தது. இன்றும் நாட்டின் பெரிய ஜவுளிக்கடைகளில் விற்கும் சில பிரபல சட்டைகளை வெளியிடும் நிறுவனப் பிரிவின் பெயரில் ‘மதுரா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவிலேயே அதிக நூற்பாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. மதுரை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்தில் ஓடும் ஆலைகளுக்கு வெளிநாட்டுச் சந்தை முக்கியம். அதில் சீனா பெரிய வாடிக்கையாளர். இந்தியப் பருத்தி நூலுக்குச் சீனா 3.5 சதவீத வரி போடுகிறது. வியட்நாம் நூலுக்கு வரி இல்லை. காரணம், வியட்நாம் ஆசியானில் இருக்கிறது. ஆசியானுக்கும் சீனாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. மூன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் தொழிலில், அந்த மூன்றரைதான் ஆர்டர் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. பந்தியில் உட்காராததற்கு நூற்பாலைகள் கொடுக்கும் விலை இது.

சரி, நூற்பாலைக்கு நஷ்டம் என்றால் ஜவுளித்துறை முழுக்க நஷ்டமா? அதுவும் இல்லை. வைகையைத் தாண்டி செல்லூர்ப் பக்கம் வந்தால் நெசவாளர் தெருக்கள் இருக்கின்றன. நூல் வெளிநாடு போனால் நூல் விலை ஏறும். ஏறினால் தறிக்காரருக்குத் தலைவலி. சீனத் துணி வரியில்லாமல் உள்ளே வந்தால், அவர் தறியே நின்றுவிடும். நூல் நூற்பவர் கதவைத் திற என்கிறார். நெய்பவர் மூடு என்கிறார். இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு கண்டு நூல்தான்!

கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளின் பக்கம் போனால் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. மதுரை வட்டாரம் ரப்பர் பொருள்களுக்குப் பெயர்போனது. டயர், பெல்ட், வாகன உதிரிபாகம் என்று பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றிச் சிறிய பட்டறைகளும் உண்டு. இவர்களுக்கு மூலப்பொருளான இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கேரளாவிலும் கன்னியாகுமரியிலும் இருக்கும் ரப்பர் விவசாயிகளைக் காப்பாற்ற இந்த வரி. 2010 முதல் நடைமுறையில் உள்ள இந்தியா - ஆசியான் சரக்கு ஒப்பந்தத்திலும் இயற்கை ரப்பருக்கு விலக்கு வாங்கியிருக்கிறது இந்தியா. ஆனால், ரப்பரில் செய்த பொருள்கள் பல அதே ஆசியான் நாடுகளிலிருந்து வரிச்சலுகையோடு உள்ளே வருகின்றன. மாவுக்கு வரி, தோசைக்கு வரி இல்லை என்றால் தோசைக்கடைக்காரர் என்ன செய்வார்? சிறிய ரப்பர் ஆலைக்காரர்களின் நீண்டநாள் குறை இதுதான்.

இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கிறது. ரேஷன் கடை வரிசை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில், ஏழை வீடுகளின் தாளிப்பையும் பண்டிகைப் பலகாரத்தையும் காப்பாற்றுகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சோழவந்தான் பக்கத்துத் தென்னை விவசாயிக்கும், திருமங்கலம் - உசிலம்பட்டிப் பக்கத்து நிலக்கடலை விவசாயிக்கும் அது போட்டியாளர். ‘ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள்’ என்பது தமிழகத் தென்னை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண், காலையில் பால் ஊற்றிய அதே பெண்ணாக இருக்கலாம். பாலுக்குக் கதவை மூடச் சொல்லும் அவர் வீட்டில்தான், திறந்த கதவு வழியாக வந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிறது.

மேலமாசி வீதி, 251ஏ

மதியத்துக்கு மேல் மாசி வீதிகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மேலமாசி வீதியில் 251ஏ எண் கொண்ட கட்டடத்தின் கீழே கதர்க்கடை. மேலே ஒரு சிறிய அறை, ஒரு பெரிய வரலாறு. 1921 செப்டம்பர் 22-ம் தேதி காலை, இந்த வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்தார். அதன் பிறகு கடைசிவரை அந்த ஆடையை மாற்றவில்லை. அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலில் மக்கள் முன் தோன்றிய இடம், காமராசர் சாலையில் ‘காந்தி பொட்டல்’ என்ற பெயரோடு இருக்கிறது.

இந்தக் கதை தெரியாதவர்கள் மதுரையில் குறைவு. ஆனால் அதற்கு முந்தைய காட்சி அதிகம் பேசப்படுவதில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில், சக பயணிகள் அந்நியத் துணி அணிந்திருப்பதைக் காந்தி பார்த்தார். கதர் உடுத்தும்படி கேட்டுக்கொண்டார். அவர்களில் சிலர் சொன்ன பதில், கதர் விலை அதிகம், வாங்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை என்பது. அதைக் காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி எத்தனையோ நிபுணர்கள் பேசியிருக்கிறார்கள். அந்த ரயில் பயணிகள் கேட்டதைவிட நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை. ‘வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்கிறீர்கள். சரி, அதற்கான விலையை யார் கொடுப்பது?’ காந்தி அந்தக் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. தன் துணியைக் குறைத்துக்கொண்டு, விலையில் தன் பங்கைக் கொடுத்தார். நாடுகள் அப்படிச் செய்வதில்லை.

இந்தியா ஒரு வர்த்தகக் கூட்டணியிலிருந்து விலகியது 2019-ல்தான் முதல் தடவை என்று நினைத்தால், அது தவறு. 1932-ல் கனடாவின் ஒட்டாவா நகரில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் தங்களுக்குள் வரிச்சலுகை கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர், கோவையைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். பிரிட்டிஷ் சரக்குக்குச் சலுகை கொடுக்கும் அந்த ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. ஒப்பந்தத்தை ஆதரித்த சண்முகம் செட்டியார், 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றுப்போனார்.

1936-ல் மத்திய சட்டசபை, ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. அரசும் முறிவு நோட்டீஸ் கொடுத்தது. ஆனால் அடுத்த ஒப்பந்தம் வந்ததோ 1939-ல். நடுவில் மூன்று வருடம் பேச்சு, பேச்சு, பேச்சு. அதுவரை பழைய சலுகைகளே தொடர்ந்தன. கடைசியில் வந்த புது ஒப்பந்தத்தையும் சட்டசபை நிராகரிக்க, ஆங்கிலேய அரசு தன் அதிகாரத்தால் அதை நடைமுறைப்படுத்தியது. வெளியேறுகிறோம் என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. வெளியேறுவது வருடக்கணக்கு வேலை.

அந்தப் பாடத்தைப் பின்னாளில் பிரிட்டனே படிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலக வாக்களித்தார்கள். விலகியது 2020 ஜனவரி 31-ல். விலகிய பின் எப்படி வியாபாரம் செய்வது என்ற ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பரில். நடுவில் இரண்டு பிரதமர்கள் பதவி இழந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பந்தியிலிருந்து எழுந்தது பிரிட்டன். கை கழுவவே நான்கரை வருடம் ஆனது. உட்காரும் முன்பே திரும்பியது இந்தியா. அதனால் கையில் பிசுக்கு ஒட்டவில்லை. ஆனால் பசி?

தமுக்கத்தில் ஒரு தாயத்து

மாலை வெயில் சாயும் நேரம் தமுக்கம் பக்கம் காற்று வாங்க ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ல் நேரு திறந்துவைத்தது. பள்ளிக் குழந்தைகள் வரிசையாக உள்ளே போய், காந்தியின் ரத்தக்கறை படிந்த துணி வைக்கப்பட்டுள்ள இடத்துக்கு வந்ததும் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள்.

பாங்காக்கில் விலகலை அறிவித்தபோது மோடி இந்த மனிதரைத்தான் துணைக்கு அழைத்தார். காந்தி சொன்ன தாயத்தும் தன் மனசாட்சியும் சேர அனுமதிக்கவில்லை என்றார். காந்தியின் தாயத்து என்பது ஒரு சோதனை. ஒரு முடிவில் சந்தேகம் வந்தால், நீ பார்த்ததிலேயே மிக ஏழையான மனிதரின் முகத்தை நினைத்துப் பார், இந்த முடிவு அவருக்கு உதவுமா என்று கேள் என்பதுதான் அது.

நல்ல சோதனைதான். ஆனால் மதுரையை ஒரு நாள் சுற்றினாலே அதன் கஷ்டம் புரிந்துவிடும். எந்த ஏழையின் முகம்? வாடிப்பட்டிப் பக்கம் பால் ஊற்றும் பெண்ணுக்கு இந்த முடிவு உதவியது. செல்லூர்த் தறிக்காரருக்கும் உதவியிருக்கலாம். ஆர்டர் குறைந்த நூற்பாலையில் ஷிப்ட் இழக்கும் தொழிலாளிக்கு? அந்த முகமும் ஏழையின் முகம்தான்.

வாசலோடு திரும்பியதால் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. மற்ற 15 நாடுகள் 2020 நவம்பர் 15-ல் கையெழுத்திட, 2022 ஜனவரி 1-ல் கூட்டணி நடைமுறைக்கு வந்தது. சீனப் பொருள்கள் குவியும் என்பதுதான் விலகலுக்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம். விலகிய பிறகும் அவை குறையவில்லை. 2018-19-ல் சீனாவுடன் சுமார் 5,350 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, 2024-25-ல் சுமார் 9,900 கோடி டாலரைத் தொட்டது. மதுரைக்குத் தெற்கே சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலைச் சீன பிளாஸ்டிக் லைட்டர்கள் ஆட்டிவைத்தன. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை 2023-ல் தனியாகத் தடை செய்ய வேண்டியிருந்தது. முன்வாசலை மூடினாலும், சரக்கு வேறு வழிகளில் வரும்.

கூட்டுப் பந்தியைத் தவிர்த்த இந்தியா, அதன் பிறகு ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே மொய் எழுதப் போனது. 2022-ல் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் ஆஸ்திரேலியாவுடனும் ஒப்பந்தங்கள். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் ஒப்பந்தம். ஐரோப்பிய யூனியனிலிருந்து எழுந்து வந்ததால்தான் பிரிட்டனால் இந்தியாவுடன் தனியாகக் கையெழுத்துப் போட முடிந்தது என்பது கதையின் சுவாரஸ்யமான திருப்பம். ஆஸ்திரேலியா, பிரிட்டன் இரண்டு ஒப்பந்தங்களிலும் இந்தியா பாலைத் தொடவிடவில்லை. 2019-ல் தூக்குவாளி வரிசைகள் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

ஆர்.சி.இ.பி நாடுகளும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இந்தியா எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று கையெழுத்திட்ட அன்றே அறிவித்தார்கள். மற்ற நாடுகளுக்கு விதிக்கப்பட்ட 18 மாதக் காத்திருப்பு இந்தியாவுக்கு மட்டும் விதிக்கப்படவில்லை. இலை இன்னும் போட்டபடிதான் இருக்கிறது.

ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா

இரவு 8 மணி. விளக்குத்தூண் பகுதியில் நடக்க இடமில்லை. ஜவுளிப் பைகளோடு குடும்பங்கள் ஜிகர்தண்டா கடைகளை மொய்க்கின்றன. “அண்ணே, சின்னவனுக்கு ஐஸ் கம்மியா” என்று ஒரு குரல். உயரமான கிளாஸில் அடுக்கடுக்காக விழுகிறது இனிப்பு.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அந்த கிளாஸுக்குள் இன்று முழுக்கச் சுற்றிய கதை இருக்கிறது. ‘ஜிகர்தண்டா’ என்ற பெயர் வடக்கிலிருந்து வந்தது. அதில் போடும் கடல்பாசிக்குக் கடைத்தெருவில் இன்னொரு பெயர் ‘சைனா கிராஸ்’. பெயரும் பக்குவமும் எங்கிருந்தோ வந்தன. வைகைக் கரையில் ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்த ஊர் இது. வெளியிலிருந்து வருவதைக் கண்டு மதுரை என்றைக்கும் பயந்ததில்லை.

ஆனால் கிளாஸில் முக்கால்வாசி இருப்பது பால். சுண்டக் காய்ச்சிய பால். அது மட்டும், காலையில் சிறுமலை அடிவாரத்தில் தூக்குவாளியோடு நின்றவர்களைப் போன்ற யாரோ ஒருவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து வர வேண்டும். அவருக்கு லிட்டருக்கு என்ன கிடைக்கும் என்பது மழையையும் பருத்திக்கொட்டை விலையையும் மட்டும் பொறுத்த விஷயமாக ஒரு காலத்தில் இருந்தது. இப்போது பாங்காக்கிலும் லண்டனிலும் யார் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது.

அடுத்த முறை ‘இந்தியா புதிய ஒப்பந்தம்’ என்றோ ‘பேச்சு முறிந்தது’ என்றோ செய்தி வந்தால், ஜெயித்தது எந்தக் கட்சி என்று பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. 1921-ல் மதுரை ரயிலில் கேட்ட கேள்வியையே கேட்கலாம். இதற்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள்?

நாளை காலை 5 மணிக்கு அதே டியூப்லைட் வெளிச்சத்தில் மறுபடியும் டிகிரி பார்ப்பார்கள்.